‘மற்றவை’ என்ற கட்டத்துக்குள் பழவேற்காடு

எந்தக் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கென்று ஒரு வரி இருக்கும். வீடுகள் இத்தனை, ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, ஆறு வயது வரையிலான பிள்ளைகள் இத்தனை, எழுத்தறிவு, பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, அப்புறம் தொழில். தொழிலுக்கு நாலே கட்டம்தான்: சொந்த விவசாயம், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை.

பழவேற்காட்டுக்கு அந்த வரியைப் படித்தால் சிரிப்புதான் வரும். மீன்பிடிப்பவர், இறால் வியாபாரி, பள்ளிக்கூட ஆசிரியர், துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர், பேருந்து நிலையத்தில் டீ போடுகிறவர், எல்லாரும் ‘மற்றவை’. ஊரே அந்தக் கடைசிக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. மதவாரிக் கணக்கை கிராம அளவில் வெளியிடுவதில்லை, தாலுகா அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீனவச் சாதியான பட்டினவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், லெப்பை முஸ்லிம்கள் பிற்படுத்தப்பட்டோர். இரண்டுக்கும் அந்தத் தாளில் இடமில்லை. ஊரில் பாதிக்கு மேல் யார் என்று கேட்டால் தாளுக்குப் பதில் தெரியாது.

நான் மீஞ்சூர்க்காரன். எங்கள் ஒன்றியத்தின் வடக்குக் கோடிதான் பழவேற்காடு. சின்ன வயதில் எங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் மீன்காரம்மா, “ஏரி மீன் வேணுமா, கடல் மீன் வேணுமா?” என்று கேட்பார். அந்த ஊரின் பொருளாதாரத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. ஏரிக்கும் கடலுக்கும் வேறு வலை, வேறு படகு, வேறு ஆட்கள், வேறு விலை. அந்த ஏரிக்குள்ளும் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பது வேறு கணக்கு. பழவேற்காட்டில் ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்பதைவிட, எந்தத் தண்ணீரில் அவருக்கு உரிமை இருக்கிறது என்பதுதான் அவர் வீட்டு அடுப்பைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதைத்தான்.

முதலில், ‘ஊர்’ என்று நாம் சொல்வதே ஒரு ஊர் இல்லை. சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள், பொன்னேரியில் இருந்து கிழக்கே போகும் சாலை முடிகிற இடம் பழவேற்காடு. ஆனால் ஆவணப்படி பழவேற்காடு ஒரு ஊராட்சி, கோட்டைக்குப்பம் ஒரு ஊராட்சி, பாலத்துக்கு அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம் இன்னொரு ஊராட்சி. இவற்றுக்குள் ஏகப்பட்ட குப்பங்கள். பேருந்தில் ஏறுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ‘பழவேற்காடு’ என்றுதான் டிக்கெட் வாங்குகிறார்கள். ஏரியோ இன்னும் பெரிது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, நமக்குக் கிடைத்தது தெற்கு ஓரம். ஆனால் முகத்துவாரம் இந்த ஓரத்தில் இருப்பதால்தான் இத்தனை ஜனம் இங்கே குவிந்திருக்கிறது.

முகத்துவாரம் என்றால் ஏரியும் கடலும் சந்திக்கிற வாய். கடலில் முட்டையிலிருந்து வரும் இறால் குஞ்சு அந்த வாய் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்ததும் தண்ணீர் வடியும் நேரத்தில் மறுபடி கடலுக்குப் புறப்படும். போகிற வழியில், ஓட்டம் உள்ள இடங்களில், கழி நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். அந்த இடங்கள் கொஞ்சம்தான். அதனால் அங்கே யார் கட்டுவது என்பதற்கு ஒரு முறை வந்தது. அதற்குப் பெயர் பாடு.

பாட்டுக்கு உரிமையுள்ளவை பாரம்பரியமாக மூன்று குப்பங்கள்: கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம். மூன்றிலும் பட்டினவர்கள். அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்து ‘தலைக்கட்டு’க் கணக்கு வைத்திருக்கும். உரிமையுள்ள குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகித் தனிக்குடும்பம் ஆன ஆண்பிள்ளைதான் ஒரு தலைக்கட்டு. ஊருக்கு முறை, ஊருக்குள் ஆளுக்கு முறை, இடத்துக்கு முறை. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. வலுத்தவன் தினமும் நல்ல இடத்தில் உட்கார்ந்துகொள்ள முடியாது. எழுதிய சட்டமோ மீன்வளத் துறை அரசாணையோ இதற்கு இல்லை. நோட்டுப் புத்தகமும் ஊர்க்கூட்டமும்தான்.

இதை ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். பொதுச் சொத்தை யாரும் சூறையாடாமல் பகிர்ந்துகொள்ளும் முறை என்று பாராட்டு. பாராட்டு நியாயம்தான். ஆனால் பாட்டுக்குள் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள், வெளியே நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜமீலாபாத் பக்கம் இருக்கும் முஸ்லிம் மீனவர்களும், ஏரிக்கரையின் ஆதிதிராவிடர் குடும்பங்களும், இருளர்களும் இந்தத் தலைக்கட்டுக் கணக்கில் இல்லை. பெண்கள் எந்தக் குப்பத்தின் கணக்கிலும் இல்லை. இறால் வெறும் குழம்புக்குப் போன காலத்தில் இது பெரிய விஷயமாக இருந்திருக்காது. 1970களுக்குப் பிறகு ஏற்றுமதிக்குப் போக ஆரம்பித்து, கிலோவுக்குக் கிடைக்கிற காசு ஏறியதும் ஏரியில் சண்டையும் ஏறியது. உரிமை இல்லாத குப்பங்களும் அதே வகை வலையைக் கட்ட ஆரம்பித்தன. வலை அறுப்பு, படகு பறிப்பு, அதிகாரிகள் முன்னால் பேச்சுவார்த்தை, மறுபடி அறுப்பு. இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் டீக்கடையில் குரல் உயரும்.

இலங்கையில் நீர்கொழும்பு உவர்நீர் ஏரியிலும் இதே மாதிரி கழிவலைக்கு முறை வைத்துப் பிடிக்கிறார்கள். அங்கே உரிமை கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளோடு இணைந்த சங்கங்களிடம் இருக்கிறது. இங்கே சாதிப் பஞ்சாயத்து, அங்கே கோயில் பங்கு. தண்ணீருக்கு வேலி போட மனிதர்களுக்கு எப்படியும் ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது.

பாட்டுக்கு வெளியே இருப்பவர்களில் இருளர் பிழைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீர் வடிந்த நேரத்தில், இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு ஆழத்தில் இறங்கி, சேற்றைக் கையால் தடவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டால் அமுக்கிப் பிடித்து பறிக்குள் போடுவார்கள். பறி என்பது பனையோலையில் முடைந்த பை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதன் வாயைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். அப்படி வந்த ஒரு அம்மாவின் விரல் நுனிகளைப் பார்த்தேன். தோல் வெளுத்து, சுருங்கி, குறுக்கும் நெடுக்கும் கீறல். “கெளுத்தி முள்ளு குத்தினாதான் தம்பி கஷ்டம், மத்தது பழகிடும்” என்றார். அன்று அவருக்குக் கிடைத்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. கரையேறியதும் வாங்கிக்கொள்ள ஒரு வியாபாரி இருந்தார். விலை பேச்சே நடக்கவில்லை, ஏனென்றால் ஏற்கனவே அவரிடம் கடன்.

கடன் என்பதை நான் ஏதோ துயரக் கதையாகச் சொல்லவில்லை. இந்த ஊரின் வங்கியே அதுதான். வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வியாபாரியிடம் முன்பணம். வட்டி என்று தனியாக இல்லை. பதிலுக்கு மீனை அவருக்குத்தான் போட வேண்டும், சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே. அந்தக் ‘கொஞ்சம்’தான் வட்டி. நண்டில் இது இன்னும் நன்றாகத் தெரியும். பழவேற்காட்டு நண்டுக்கு சென்னையில் தனி மவுசு. பெரிய நண்டைக் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரம் காயாமல் உயிரோடு அடுக்கி, ஏற்றுமதிக்கு அனுப்புகிறார்கள். ஒரு கால் உடைந்தால்கூட ரகம் இறங்கிவிடும். பிடித்தவர் கையில் இருக்கும்போது உடைந்ததா, வியாபாரி கூடையில் உடைந்ததா என்று யார் சொல்வது? விலையைக் குறைத்துக்கொள்வது மட்டும் எப்போதும் பிடித்தவர் கணக்கில்தான்.

ஒரு ஊரில் இத்தனை வகை மனிதர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதற்கு, வியாபாரம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அரபு நாட்டில் இருந்து நாலு கப்பலில் வந்தவர்களின் வம்சம் என்று இங்குள்ள முஸ்லிம்கள் தங்கள் பூர்வீகத்தைச் சொல்வதுண்டு. விஜயநகர காலத்தில் பெரிய துறைமுகம். செம்பூரான் கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் அளவு ராமாயணச் சிற்பங்களை இன்னும் பார்க்கலாம். போர்த்துக்கீசியர் வந்த அடையாளம் மகிமை மாதா கோயில். அதன் தொடக்கத்தை 1515 என்கிறார்கள். அப்புறம் டச்சுக்காரர்கள். விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடனிடம் அனுமதி வாங்கி வந்து, 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரைக்கே இதைத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இங்கே வேண்டியது துணி. இங்கே துணி வாங்கி, அதைக் கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் சாதிக்காயும் வாங்குவது அவர்கள் கணக்கு. வெடிமருந்தும் இங்கேயே செய்தார்கள். பஞ்ச காலங்களில் தங்களையோ பிள்ளைகளையோ விற்றுக்கொண்ட ஜனங்கள் இந்தக் கரையில் இருந்துதான் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பல் ஏறினார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இன்று கோட்டை இருந்த இடம் அகழியும் புதரும். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கிய டச்சுக் கல்லறையைத் தொல்லியல் துறை பூட்டிப் பாதுகாக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இருந்து வருகிறவர்கள் அந்த எலும்புக்கூட்டோடு படம் எடுத்துக்கொண்டு, இறால் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நெசவு இங்கே சுத்தமாக இல்லை. மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட சாரத்துக்கு இன்னும் இந்த ஊர்ப் பெயர்தான், ‘பெலிகாட்’ என்று. இங்கே அதை நெய்ய ஒரு தறி கிடையாது.

துணி போனாலும் கைவேலை போகவில்லை என்பதற்குச் சாட்சி முஸ்லிம் தெருக்களில் இருக்கிறது. மதியச் சமையல் முடிந்ததும் திண்ணையிலும் உள்கூடத்திலும் பெண்கள் பனையோலையை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சிவப்பும் பச்சையும் ஊதாவும் சாயம் ஏற்றி, பெட்டி, தட்டு, பூக்கூடை, கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை என்று முடைகிறார்கள். ஒரு வீட்டில் பாட்டி, மகள், பேத்தி மூவரும் ஒரே பெட்டியின் மூடி, உடல், விளிம்பு என்று பிரித்துக்கொண்டு முடைவதைப் பார்த்தேன். பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. “இதுக்கு எவ்வளவு கிடைக்கும்மா?” என்றதற்கு அந்தப் பாட்டி தொகையைச் சொல்லவில்லை. “பால் காசு, கரண்ட் பில்லு, அதுக்கு மேல கேக்காத” என்றார்.

கணக்கெடுப்புக்காரர் வந்து கேட்டால் அந்த மூவரும் ‘வீட்டு வேலை’ என்றுதான் சொல்வார்கள். வேலை செய்யாதவர் பட்டியலில் போய்விடுவார்கள். கணக்குப்படி வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தால் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுவேலைத் தொழிலாளர். தினமும் மூன்று மணி நேரம், வருஷம் முழுவதும் முடைகிறவரை எதில் சேர்ப்பது? கேட்பவருக்கும் தெரியாது, சொல்பவருக்கும் கவலை இல்லை. மீன் விற்கும் பெண்கள் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. விடியற்காலையில் ஏலத்தில் கூடை எடுத்து, ஷேர் ஆட்டோவில் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் போய் விற்று, மாலையில் காசை எண்ணிக் கடனை அடைத்து, மிச்சத்தில் குடும்பம் நடத்துவது அவர்கள். ‘மீனவர்’ என்று அடையாள அட்டை வைத்திருப்பது புருஷன்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தனியாக ஒரு கணக்கு எடுக்கிறது. 2010-இல் எடுத்ததன்படி தமிழ்நாட்டில் 573 கடல்மீனவர் கிராமங்கள், எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஜனம். படகு, வலை, படிப்பு, சங்கம் எல்லாம் கேட்டு எடுத்த கணக்கு. பொதுக் கணக்கெடுப்பைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது கடலைப் பார்த்து நிற்கிற கணக்கு. ஏரிச் சேற்றில் தடவுகிறவர் அதில் எந்த அளவுக்கு மீனவர்?

ஊரின் நிலைமையை மாற்றியவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே எடுத்த முடிவுகள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. அதை ராக்கெட் தளத்துக்கு எடுத்தபோது அங்கிருந்து கிளம்பிய குடும்பங்களில் சில இந்தப் பக்கக் குப்பங்களுக்கு வந்து சேர்ந்தன. 1971-இல் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. இன்று ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டுக் கரையில் கார்கள் வரிசை கட்டும், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் கைதட்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கு அன்று தொழில் இல்லை, குறிப்பிட்ட எல்லைக்குள் போகக் கூடாது என்று முன்னாடியே அறிவிப்பு வந்துவிடும். தேதி தள்ளிப்போனால் இன்னொரு நாள் சும்மா இருக்க வேண்டும்.

1980-இல் தமிழ்நாட்டுப் பக்க ஏரி பறவைகள் சரணாலயம் ஆனது. பூநாரை பார்க்க ஆட்கள் வந்தார்கள், படகு சவாரி ஒரு வருமானம் ஆனது. 2011 கிறிஸ்துமஸ் அன்று சவாரிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதோடு சவாரிக்குத் தடை. தடை சரிதான், அவ்வளவு பேரை ஏற்றியது குற்றம்தான். ஆனால் ஒழுங்காக, லைஃப் ஜாக்கெட்டோடு, அளவாக நடத்த ஒரு வழி கண்டுபிடிக்க இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் வந்தது, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். கடலுக்குள் நீளமாகச் சுவர் போட்டால் தெற்கில் இருந்து வரும் மணல் அங்கே தேங்கும், வடக்கே கரை அரிக்கும். இது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த வடக்கில்தான் பழவேற்காடு இருக்கிறது. காட்டுப்பள்ளியை 330 ஏக்கரில் இருந்து 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் வைத்திருந்த பொதுக் கருத்துக்கேட்புத் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி தேதி குறித்து, அதுவும் நடக்கவில்லை. குப்பத்து வீடுகளில் எதிர்ப்புத்தான் அதிகம். அதே வீடுகளில் துறைமுகத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிற மகனும் இருக்கிறான். இதில் முரண் ஒன்றும் இல்லை. அப்பா ஏரியை நம்பியிருக்கிறார், மகன் ஏரி நம்பிக்கை தராததால் சம்பளத்துக்குப் போகிறான். அங்கேயும் நிரந்தரம் கேட்டுப் போராட்டம் நடக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம்.

முகத்துவாரம் மணல் அடைத்துப்போவதுதான் எல்லாருக்கும் பொதுவான பிரச்சினை. பாட்டுக்காரர், பாடு இல்லாதவர், வியாபாரி, கடலுக்குப் போகிறவர், நாலு பேரும் ஒரே மேடையில் நிற்கிற ஒரே விஷயம் இது. வாய் அடைந்தால் இறால் உள்ளே வராது, படகு வெளியே போகாது. முன்பெல்லாம் ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கித் தோண்டுவார்கள். சுமார் 27 கோடி ரூபாயில் நிரந்தரமாகச் சுவர் கட்டும் வேலையை அரசு எடுத்தது. அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். மணலைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல வேண்டாம் என்கிறார் கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர். எனக்கு அவர் கட்சிதான் சரியாகப் படுகிறது.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கப்போகிறது. இந்த முறை சாதியும் கேட்பார்கள். அதனால் பழவேற்காட்டின் வரியில் முதல் தடவையாகக் கொஞ்சம் உண்மை வரலாம். எத்தனை பட்டினவர், எத்தனை லெப்பை, எத்தனை இருளர் என்று கிராம அளவில் வெளியிட்டால் நல்லது. தலைக்கட்டு நோட்டுப் புத்தகத்தில் இல்லாதவர்களுக்கு, நாங்களும் இத்தனை பேர் இருக்கிறோம் என்று காட்ட ஒரு காகிதமாவது கிடைக்கும். தொழில் கட்டம் மட்டும் மாறுமா என்று எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பாட்டு முறை வரும் நாளில் இறால், மற்ற நாளில் நண்டு, ஏரி ஓய்ந்த மாதங்களில் கம்பெனியில் லோடு இறக்குகிறவர் அவர். போன வருஷம் முழுக்க என்ன தொழில் செய்தீங்கன்னு கேப்பாங்க, என்ன சொல்வீங்க என்றேன்.

“எழுதுறவரு யாரு? நம்ம ஸ்கூல் வாத்தியாருதான? அவருக்கே தெரியும், அவரே எழுதிக்குவாரு.”